முதலில் நிற்கும் இடம்

மாரமங்கலம்,
8-1-1986

தம்பி பொன்னுவேலுக்கு,

அக்கா மாதம்மாள் எழுதுவது. அப்பாவைப் புதைத்த அன்று சாயங்காலம் நீ வாசலில் நின்று பேச வேண்டியதைப் பேசிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் விழுப்புரத்துக்குத் திரும்பிப் போனாய். பதினோரு வருஷம் ஆகிவிட்டது. நீ பேசியதை மறந்துவிட்டேன் என்று எழுதினால் நம்பமாட்டாய். அதனால் எழுதவில்லை. இது வேறு காரியம்.

மலை முழுக்க நிலம் அளக்கிறார்கள். நம் காப்பித் தோட்டத்துக்குக் கிழக்கே உள்ள எஸ்டேட்டைப் புதிதாக வாங்கியவர், நம் பலா மரம் வரை தன் எல்லை என்று மனு கொடுத்திருக்கிறார். அந்த மரத்தடியில்தான் அப்பா இருக்கிறார். பட்டா இன்னும் அப்பா பேரிலேயே இருக்கிறது. அதனால் பட்டாதாரர் சின்னன் நேரில் வந்து ஆட்சேபணை சொல்ல வேண்டும் என்றார் சர்வே ஆபீசர். அவர் இறந்துவிட்டார் என்றேன். அத்தாட்சி கேட்டார். மரத்தடிக்குக் கூட்டிப் போய்க் காட்டினேன். அது அத்தாட்சி ஆகாதாம். எஸ்டேட்காரர் மனுப்படி பார்த்தால் அது ஆக்கிரமிப்பாம். ஒன்று ஆள் வர வேண்டும், இல்லையென்றால் ஆள் வர முடியாது என்பதற்குத் தாள் வர வேண்டும் என்று சொல்லி, ஆனி முடியத் தவணை கொடுத்திருக்கிறார்.

அந்தத் தாளை எங்கே, எப்படிக் கேட்டு வாங்குவது? நீ நகராட்சி ஆபீசில் இருப்பவன். உனக்குத் தெரியும். எனக்கு எட்டாவது படிப்பு. உன் மச்சான் வெள்ளையனுக்கு அதுவும் இல்லை. அவர் நலமாக இருக்கிறார். உன்னைக் கேட்டதாக எழுதச் சொல்லவில்லை, நானாக எழுதுகிறேன்.

மாதம்மாள்


விழுப்புரம்,
17-1-1986

அக்கா அவர்களுக்கு,

பார்வை: தங்கள் 8-1-86 தேதியிட்ட கடிதம்.

தாங்கள் கேட்டிருப்பது இறப்புச் சான்றிதழ். ஒருவர் எந்த ஊர்க்காரர் என்பதைப் பார்த்து அதைக் கொடுப்பதில்லை. எங்கே இறந்தார் என்பதைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். நகரத்தில் இறந்தால் நகராட்சி. கிராமத்தில் இறந்திருந்தால் அந்தக் காலத்து மணியக்காரர் தன் பதிவேட்டில் எழுதியிருக்க வேண்டும். அந்தப் பதவியை ஒழித்தபோது பழைய பதிவேடுகளை மூட்டை கட்டி மேலே வாங்கிக்கொண்டார்கள். ஏற்காடு சார் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கவும்.

மனுவில் இறந்தவர் பெயர், அவருடைய தகப்பனார் பெயர், இறந்த இடம், இறந்த தேதி, மனுதாரருக்கு என்ன உறவு என்பவை இருக்க வேண்டும். தேதி தெரியாவிட்டால் வருஷத்தைக் குறிப்பிட்டுத் தேடச் சொல்லலாம். தேடுவதற்கு வருஷக் கணக்கில் கட்டணம் உண்டு. வருஷமும் தெரியாமல் வருபவர்கள் இருக்கிறார்கள். எங்கள் அலுவலகத்துக்கு ஒருவர் ‘பெரிய புயலுக்கு அடுத்த மாதம்’ என்று எழுதிக் கொண்டுவந்தார். எந்தப் புயல் என்று தெளிவுபடுத்தக் கோரி மனுவைத் திருப்பி அனுப்பினோம்.

இறந்த தேதியைத் தாங்களே நிரப்பிக்கொள்ளவும். எனக்கு வந்த தந்தியில் வியாழக்கிழமை விடியற்காலை என்று இருந்தது. அன்று சாயங்காலமே நான் வந்து சேர்ந்தேன். பெற்ற மகன் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறான் என்று தெரிந்தும் மதியத்துக்குள் மண்ணைத் தள்ளி முடித்தவர்களுக்குத் தேதி நன்றாகவே நினைவிருக்கும்.

இப்படிக்கு,
கே. சி. பொன்னுவேல்


மாரமங்கலம்,
2-2-1986

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. என்னைத் ‘தாங்கள்’ என்று எழுதியிருக்கிறாய். கலெக்டருக்குப் போட வேண்டியது மாறி வந்துவிட்டதோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். என் பேர்தான் இருந்தது.

நீ சொன்னபடி மனு எழுதி ஏற்காட்டுக்குக் கொண்டு போனேன். ஆபீசில் இருந்தவர் நல்ல மனிதர், கழுத்தில் மப்ளர். பழைய கட்டுகள் மாடிப்படிக்குக் கீழே கிடந்தன. மாரமங்கலம் கட்டைத் தட்டியபோது அவருக்கு வந்த தும்மல் நிற்கவே இல்லை. நான்தான் டீ வாங்கி வந்து கொடுத்தேன். தேடித் தேடிப் பார்த்தார். அப்பா இல்லை.

வேறு சின்னன்கள் இருந்தார்கள். நம் ஊரில் அந்தப் பேருக்குப் பஞ்சமா? ஒன்றைக் காட்டி, “ஏனுங்கம்மா, இதுல ஒரு சின்னன் இருக்காரு. ஊரும் அதேதான், வருசமும் அதேதான். மாசம் மட்டும் முன்னப்பின்ன. எடுத்துக்கறீங்களா?” என்று கேட்டார். வயதைப் பார்த்தேன். ஏழு என்று போட்டிருந்தது. ஏழு வயதில் செத்த பிள்ளைக்கு நான் எப்படி மகளாக இருக்க முடியும் என்றேன். அதையெல்லாம் யாரும் பார்க்கமாட்டார்கள் என்றார்.

இன்னொரு சின்னன் கண்ணாயியின் வீட்டுக்காரர். வயது பொருந்துகிறது. ஆனால் கண்ணாயி உயிரோடு இருக்கிறாள். அவளிடம் போய் உன் புருஷன் சாவைக் கொஞ்ச நாளைக்குக் கொடு என்று எப்படிக் கேட்பது? வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அடுத்து என்ன செய்வது என்று எழுது.

தேதி எனக்கு நினைவிருக்கிறது. அதைப் பற்றி நீ எழுதியதற்கு இந்தக் கடிதத்தில் பதில் இல்லை.

மாதம்மாள்


விழுப்புரம்,
24-2-1986

அக்கா அவர்களுக்கு,

ஊர்ப் பதிவில் இல்லை என்றால் சேலத்தில் இருக்கலாம் என்று தோன்றியது. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தீர்கள் அல்லவா? ஒரு நாள் லீவு போட்டுவிட்டுச் சேலம் போய் நகராட்சிப் பதிவேட்டைப் பார்த்தேன். இல்லை. தெரிந்தவர் ஒருவர் மூலம் ஆஸ்பத்திரியின் பழைய புத்தகத்தையும் பார்த்தேன். ‘உறவினர் விருப்பப்படி புதன்கிழமை வீட்டுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்’ என்று இருக்கிறது. ஆக, ஆஸ்பத்திரியை விட்டுப் புறப்பட்டபோது அப்பா உயிரோடு இருந்திருக்கிறார். தந்திப்படி மறுநாள் விடியற்காலை வீட்டில் இறந்திருக்கிறார். அப்போது ஊர் மணியக்காரராக இருந்த பெரியண்ணன் ஏன் எழுதவில்லை என்பதை அவரிடமே கேட்கவும்.

அவர் எழுதாமல் விட்டிருந்தாலும் வழி இருக்கிறது. ‘தேடியதில் பதிவு இல்லை’ என்று சார் பதிவாளரிடம் எழுதி வாங்கிக்கொள்ளவும். அதோடு பிரமாணப் பத்திரம் வைத்து, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் காலம் கடந்த பதிவுக்கு உத்தரவு கேட்க வேண்டும். உடன் இருந்தவர்கள் சாட்சி சொல்ல வேண்டும். பெரியண்ணன் சாட்சி சொன்னால் பலம்.

‘என் தகப்பனார் சின்னன் மேற்படி வியாழக்கிழமை விடியற்காலை மாரமங்கலத்தில் தமது சொந்த வீட்டில் இயற்கை எய்தினார்’ என்று பிரமாணப் பத்திரம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்திட்டு அனுப்பவும்.

சேலம் வரை வந்தவன் மலைக்கு வரவில்லை என்று மச்சான் சொல்லக்கூடும். பஸ் நிலையத்தில் ஏற்காட்டு வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. லீவு ஒரு நாள்தான்.

பொன்னுவேல்


மாரமங்கலம்,
14-3-1986

தம்பிக்கு,

நீ அனுப்பிய பிரமாணப் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. தமிழ் நன்றாக இருக்கிறது. விஷயம்தான் சரியில்லை.

பெரியண்ணனைப் போய்ப் பார்த்தேன். பதவி போன பிறகும் அவரை மணியக்காரர் என்றே கூப்பிடுகிறோம். வேறு பேர் சொன்னால் அவருக்குக் காது கேட்பதில்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டதற்கு வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்.

“மொத நாள் சாயங்காலம் வந்தேன் கண்ணு. அப்பன் தூங்கறாருன்னு சொன்னே. பாத்துட்டுப் போலாம்னு காலத் தொட்டேன். ஜில்லுனு இருந்துச்சு. மலையில எல்லாருக்குந்தான் காலு ஜில்லுனு இருக்குதுன்னு பேசாமப் போயிட்டேன். விடிஞ்சு நீங்க அழுதீங்க. நானும் வந்து அழுதேன். புஸ்தகத்துல எழுத ஒக்காந்தாத்தான் கை வரல. சாமிகிட்டப் பொய் சொன்னா ஒரு கோழியோட போயிரும். சர்க்காருக்குப் பொய் எழுதினா வேலையில்ல போயிரும்.”

வேலை அப்புறம் எப்படியும் போய்விட்டது.

இனி நான் சொல்வதைக் கேள். புதன்கிழமை ஆஸ்பத்திரியில் இனி இங்கே வைத்துச் செய்ய ஒன்றுமில்லை, கொண்டு போங்கள் என்றார்கள். நானும் உன் மச்சானும் அப்பாவை ஏற்காட்டு பஸ்ஸில் ஏற்றினோம். மூன்று பேர் சீட்டில் நடுவில் அவர், இரண்டு பக்கமும் நாங்கள். மலை ஏறிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். சத்தமில்லாமல்.

நீ வெளியூரிலேயே இருந்து மறந்திருப்பாய், அதனால் எழுதுகிறேன். வெளியில் உயிர் போனவரை எல்லைக்கல்லுக்கு இந்தப்புறம் கொண்டுவரக் கூடாது. கல்லுக்கு அந்தப்புறம் ஓடையோரம் புதைத்துவிட்டுத் தலை முழுகிவிட்டு வர வேண்டும். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் பலா மரத்தடி என்று ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அதனால் அவர் உயிரோடுதான் ஊருக்கு வர வேண்டும் என்று நானும் உன் மச்சானும் முடிவு செய்தோம். பேசிக்கொள்ளவில்லை. அவர் அப்பாவின் குல்லாயைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டார், நான் போர்வையைச் சரிசெய்தேன். அவ்வளவுதான்.

பிறகு ஏற்காடு வரை அப்பாவிடம் பேசிக்கொண்டே வந்தேன். பேச்சை நிறுத்தினால் கண்டக்டர் திரும்பிப் பார்ப்பார் என்று பயம். மிளகு விலை, கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட வேண்டியது, சனிக்கிழமை பொன்னுவேலு வருகிறான் என்பது, எல்லாம் சொன்னேன். முன் சீட்டில் இருந்த ஒரு அம்மாள் பெரியவருக்கு என்று ஒரு ஆரஞ்சுப் பழம் கொடுத்தாள். வாங்கி அவர் மடியில் வைத்தேன். ஏற்காட்டில் உன் மச்சான் அவரைத் தோளில் சாய்த்து இறக்கினார். எஸ்டேட் ஜீப்பில் நம் ஊர். ஆராயி அத்தை வந்து, பசியோடு படுத்திருக்கிறாரே என்று ஒரு கரண்டி கஞ்சி ஊற்றினாள். தடுக்க முடியவில்லை. விடிந்ததும் அழுதோம். அதுவரை அழாமல் இருந்ததுதான் கஷ்டமாக இருந்தது.

இப்போது உனக்குக் கணக்குப் புரியும். வியாழன் மதியம் வரை வைத்திருந்ததே அதிகம். நீ வரும்வரை வைத்திருந்தால் எப்போது போனார் என்பதை ஊரில் மூக்கு இருக்கிற எல்லோரும் சொல்லியிருப்பார்கள். நீ வந்ததும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். நீ வாசலிலேயே நின்று ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி ஏன் காத்திருக்கவில்லை என்று கேட்டாய். ஊர் கேட்கும்படி கேட்ட கேள்விக்கு ஊர் கேட்கும்படிதான் பதில் சொல்ல முடியும். என்னிடம் அப்படி ஒரு பதில் இல்லை.

பிறகு கடிதத்தில் எழுத நினைத்ததுண்டு. நீ அதை ஃபைலில் வைத்துவிடுவாய் என்று விட்டுவிட்டேன்.

வீட்டில் இறந்தார் என்று கோர்ட்டில் சத்தியம் செய்ய மாட்டேன். ஊரிடம் சொன்னது அப்பாவுக்காக. சர்வே ஆபீசருக்காக இன்னொரு தரம் சொல்ல முடியாது. பெரியண்ணனும் சொல்ல மாட்டார். வேறு வழி இருந்தால் எழுது. இல்லையென்றால் மரத்தடி எஸ்டேட்டுக்குப் போகும், அப்பாவும் அதோடு போவார்.

மாதம்மாள்


விழுப்புரம்,
9-4-1986

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது. தாமதத்துக்குக் காரணம் எழுதிப் பார்த்தேன். எங்கள் ஆபீசுக்கு வருகிற தாமத விளக்கங்களைப் போலவே இருந்தது. கிழித்துவிட்டேன்.

கடிதத்தை ஃபைலில் வைக்கவில்லை.

வழி இருக்கிறது. பதிவு விதிகளைத் தேடிப் பிடித்துப் படித்தேன். ஓடும் வாகனத்தில் ஒருவர் இறந்தால், அதற்குப் பிறகு அந்த வாகனம் முதலில் எங்கே நிற்கிறதோ அங்கேதான் பதிய வேண்டும். இத்தனை வருஷச் சர்வீசில் இந்த விதியை நான் பார்த்ததே இல்லை. யாரும் பஸ்ஸில் இறந்ததில்லை என்று அர்த்தமில்லை. யாரும் வந்து சொல்லவில்லை.

அதனால் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். அந்தப் பஸ் மலையில் எங்கெங்கே நின்றது? அப்பா போனது எந்த இடத்தைத் தாண்டிய பிறகு? அடிவாரத்தில் நிற்பதற்கு முன்னால் என்றால் சேலத்துக் கணக்கு. நடுவழியில் காட்டுக்குள் நின்றிருந்தால் பெரிய தொல்லை, அது ரிசர்வ் காடு. அங்கே காட்டெருமை விழுந்தால் எழுதிக்கொள்ள ஆள் உண்டு. மனிதனுக்கு எந்தப் பதிவேடு என்று நானும் கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. நன்றாக யோசித்து, நடந்ததை மட்டும் எழுது.

இன்னொன்று. கோர்ட்டில் மனுப் போட்டால், மறுப்பு உள்ளவர்கள் சொல்லலாம் என்று ஊரில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். அப்பா எங்கே இறந்தார் என்பது அதில் இருக்கும். எல்லைக்கல்லுக்கு வெளியே கொண்டு போய் வை என்று ஊர் சொன்னால் என்ன செய்வாய்? உத்தரவு கிடைத்து, நிலம் தப்பி, அப்பாவைத் தோண்டி எடுக்கும்படி ஆகிவிடக் கூடாது. மனுவை எழுதி வைத்திருக்கிறேன். நீ சொன்னால்தான் அனுப்புவேன்.

இந்தக் கடிதத்தில் ‘தாங்கள்’ போட இடம் கிடைக்கவில்லை.

பொன்னுவேல்


மாரமங்கலம்,
28-4-1986

தம்பிக்கு,

மனுவை அனுப்பு.

முதலில் நீ கேட்டது. பஸ் அடிவாரத்தில் நின்றது. அப்போது அப்பா கண்ணைத் திறந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே பாதி தூரத்தில் ஒரு வளைவில், பாறையிலிருந்து தண்ணீர் விழும் இடத்தில், ரேடியேட்டருக்கு ஊற்ற நிறுத்தினார்கள். கண்டக்டர் டின்னில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தார். அப்பாவுக்கும் கொஞ்சம் வாங்கலாம் என்று நான் எழுந்தேன். என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். “மொதல்ல அதுக்கு ஊத்தட்டும் சாமி. அது நின்னா நானும் நின்னு போவேன்” என்றார். அதற்கு ஊற்றிய பிறகு வாங்கிக் கொடுத்தேன். குடித்தார். வண்டி கிளம்பி இன்னும் சில வளைவுகள் ஏறின பிறகுதான் என் கையில் இருந்த அவர் கை கனத்தது. எந்த வளைவு என்று தெரியாது. அப்புறம் பஸ் நின்றது ஏற்காட்டு பஸ் ஸ்டாண்டில்தான். நடந்ததை மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.

உன் விதியை உன் மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். “நாமளும் அதையேதான செஞ்சோம். நம்ம வண்டி நின்ன எடம் ஊடு” என்றார். சர்க்காருக்கு இவ்வளவு புத்தி இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

நோட்டீஸ் ஒட்டி ஊர் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது என்று, பௌர்ணமி ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொன்னேன். பஸ், குல்லாய், ஜீப் எல்லாம். மரத்தடியைத் தோண்டச் சொல்லப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

முதலில் ஆராயி அத்தைதான் வாயைத் திறந்தாள். “எனக்கு அன்னைக்கே தெரியும். கஞ்சி ஊத்துனேன், அப்படியே வழிஞ்சுது. தொடச்சுட்டு வந்துட்டேன். பெத்த மகளே சொல்லாதப்ப எனக்கென்ன வந்துச்சு” என்றாள். அப்புறம் கண்ணாயி எழுந்து, தன் வீட்டுக்காரரும் லாரியில் வரும்போது நாகலூர் தாண்டி ரொம்ப நேரம் பேசவே இல்லை, தூங்குகிறார் என்றுதான் தானும் சொன்னதாகச் சொன்னாள். அவர் பேர் மட்டும் எப்படிப் பதிவேட்டில் ஏறியது என்று ஒருவர் கேட்டார். அந்த வாரம் மணியக்காரருக்குக் காய்ச்சல், வந்து காலைத் தொட்டுப் பார்க்கவில்லை என்றாள். இதற்குள் மூலையில் இன்னும் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். சேலத்தில் ஆஸ்பத்திரி வந்ததிலிருந்து நம் ஊரில் யாராவது வீட்டில் செத்திருக்கிறார்களா என்பதே சந்தேகம் ஆகிவிட்டது.

தோண்டுவது என்றால் எத்தனை இடத்தில் தோண்டுவது என்று பெரியண்ணன் கேட்டார். கடைசியில் எல்லைக்கல்லுக்கு ஒரு கோழி என்று தீர்த்தார்கள். இனிமேல் கூட வருகிறவர்கள் கல்லைத் தாண்டி மூச்சு இருந்தது என்று சொன்னால் போதும், யாரும் காலைத் தொட்டுப் பார்க்கக் கூடாது என்றும் முடிவாயிற்று. அதைச் சொல்லும்போது எல்லோரும் பெரியண்ணனைத்தான் பார்த்தார்கள். அவர் கோர்ட்டுக்கு வந்து, புதன்கிழமை சாயங்காலம் கால் ஜில்லென்று இருந்ததைச் சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். எழுதியிருக்க வேண்டியதை இப்போதாவது சொல்லிவிட்டுப் போகிறேன் என்கிறார்.

ஒன்று கேட்கிறேன். அந்த மனுவில் ‘தகவல் தருபவர்’ என்று ஒரு இடம் இருக்கிறதாமே. அதில் உன் பேரைப் போடு. மண் போட விடவில்லை என்றுதானே கோபித்துக்கொண்டாய். இதைப் போடு.

மாதம்மாள்


விழுப்புரம்,
20-6-1986

அக்காவுக்கு,

உத்தரவு ஆகிவிட்டது. சார் பதிவாளருக்கு நகல் போய்விட்டது. சான்றிதழைப் போய் வாங்கிக்கொள்.

விசாரணை அன்று கோர்ட்டில் உன்னோடு சரியாகப் பேசவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன். நேரம் இருந்தது. பதினோரு வருஷத்துக்கு முன் வாசலில் நின்று சத்தம் போட்டவன் கோர்ட் வாசலில் நின்று என்ன பேசுவது என்று தெரியவில்லை. உன் தலைமுடி வெளுத்திருப்பது எனக்குத் தெரியாது. கடிதத்தில் அது வராது.

அவர் இறந்துவிட்டார் என்று எப்படித் தெரிந்துகொண்டாய் என்று மாஜிஸ்திரேட் கேட்டதற்கு, “நான் பேசினதுக்கு அவரு பதில் பேசலைங்க. எப்பவும் பேசிருவாருங்க” என்றாய். அவர் அதை அப்படியே எழுதச் சொன்னார். எத்தனையோ வாக்குமூலம் படித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக ஒருவரும் எழுதியதில்லை.

தகவல் தருபவர் விஷயம். விதிப்படி அங்கே உடன் இருந்தவர் பெயர்தான் வர வேண்டும். நான் உடன் இல்லை. அதனால் உன் பெயரைத்தான் எழுதச் சொன்னேன். ‘இறந்தவருக்கு உறவு: மகள்.’ அங்கே இருந்த எழுத்தர், மகன் இல்லையா என்று கேட்டார். இருக்கிறான், தாமதமாக வந்தான் என்று சொன்னேன்.

பொன்னுவேல்


மாரமங்கலம்,
11-7-1986

தம்பிக்கு,

சான்றிதழ் வந்துவிட்டது. மப்ளர்க்காரர்தான் எழுதினார், எழுத்து அழகாக இருக்கிறது. ஏழு வயதுச் சின்னனை நான் அன்றே வாங்கிக்கொண்டிருந்தால் இத்தனை அலைச்சல் இல்லையே என்று அவருக்கு இன்னும் வருத்தம்.

தவணைக்குள் சர்வே ஆபீசரிடம் கொண்டு போய்க் கொடுத்தோம். எஸ்டேட்காரரின் ஆளும் நின்றுகொண்டிருந்தார். ஆபீசர் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். ‘இறந்த இடம்: ஏற்காடு பேருந்து நிலையம்.’ என்னை நிமிர்ந்து பார்த்து, “பஸ் ஸ்டாண்டுல செத்தவர எதுக்கும்மா இத்தன தூரம் தூக்கிட்டு வந்தீங்க?” என்று கேட்டார்.

“அவரு ஊடு இங்கதானுங்க” என்றேன்.

ஆபீசர் பழைய வரைபடத்தை விரித்து, மரத்துக்கு அந்தப்புறம் கல் நடச் சொன்னார். மரத்தடி நம்முடையது.

பட்டா வாரிசுகள் பேருக்கு மாறுகிறது. மாதம்மாள், பொன்னுவேல் என்று இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதியிருக்கிறார். இரண்டு பேரும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். தபாலில் அனுப்பலாமா என்று கேட்கலாம் என்றிருந்தேன். கேட்கவில்லை.

ஊரில் ஏழெட்டுப் பேர் உனக்காகக் காத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் எழுதாமல் விட்ட சாவு ஒன்று இருக்கிறது. கண்ணாயி மட்டும் தன் வீட்டுக்காரர் இறந்த இடத்தைத் திருத்த முடியுமா என்று கேட்கிறாள், லாரிக்கும் அந்த விதி உண்டா என்று.

காலையில் சேலத்திலிருந்து புறப்படும் பஸ்ஸில் வா. அந்த வண்டி இன்னும் அதே வளைவில் தண்ணீருக்கு நிற்கிறது. எந்த வளைவு என்று கேட்டு எழுதாதே. நின்றால் தெரியும்.

உன் மச்சான் உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார்.

மாதம்மாள்


(தபால் கார்டு)

விழுப்புரம்,
16-7-1986

அக்காவுக்கு,

சனிக்கிழமை வருகிறேன். வண்டி நிற்கும் இடத்தில் இறங்கி, முதலில் அதற்கு ஊற்றட்டும், பிறகு நான் குடித்துக்கொள்கிறேன்.

லாரிக்கும் உண்டு என்று கண்ணாயியிடம் சொல்.

பொன்னுவேல்